பாடத்தின் எண்ணா, பாடத்தின் பொருளா: ஆம்காஸ் விண்ணப்பத்தில் எதை ‘அறிவியல்’ என்று காட்டுவது?

நீலமலர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். வரும் ஆண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருப்பதால், அவற்றுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸின் விண்ணப்பத்தில் பதிய வேண்டிய பாடங்களை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வகையை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கு வகைகளில் அடங்குபவை மட்டும் பி.சி.பி.எம். என்ற தனிச் சராசரியில் சேரும் என்பதும், மற்ற அனைத்தும் ‘பிற’ என்று ஒதுங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். எதை எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்து, நுழைவுத் தேர்வு எழுதிய நண்பர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். “நீ படித்ததில் எது சயின்ஸ் என்று உனக்கே தெரியாதா?” என்று கேட்டுவிட்டார். தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சிக்கலில்லாத பாடங்கள் இவை. ஒவ்வொன்றும் 4 கிரெடிட். உயிரியல் இரண்டு பருவம்: ஏ மைனஸ், பி பிளஸ். பொது வேதியியல்: பி, பி பிளஸ். கரிம வேதியியல்: பி மைனஸ், பி. இயற்பியல்: பி பிளஸ், ஏ மைனஸ். கால்குலஸ்: பி.

சிக்கலானவை: உளவியல் துறை நடத்திய ‘நடத்தை நரம்பியல்’ (4 கிரெடிட், ஏ), அதே துறையின் புள்ளியியல் (3, ஏ), மானிடவியல் துறையின் ‘உயிரியல் மானிடவியல்’ (3, ஏ மைனஸ்), ஊட்டச்சத்து அறிமுகம் (3, ஏ), கணினித் துறையில் பைத்தான் (4, ஏ). இந்த ஐந்தையும் பி.சி.பி.எம்.மில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். உடலியக்கவியல் (கினீசியாலஜி) துறையில் எடுத்த ‘மனித உடற்கூறியலும் உடலியங்கியலும்’ (4, பி மைனஸ்) என்ற பாடத்தை மட்டும் உடல்நல அறிவியல் வகையில் வைத்திருக்கிறேன், ஏனெனில் அந்தத் துறை உயிரியல் துறை அன்று. நான் செய்திருப்பது சரியா?

ஆய்வகக் குருவி

வணக்கம் நீலமலர். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆம்காஸை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், பாடத்தின் முதன்மையான உள்ளடக்கம் எதுவோ அதை வைத்தே வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பாட எண்ணுக்கு முன்னால் வரும் துறைச் சுருக்கம் ஒரு குறிப்பு மட்டுமே. அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. சங்கம் வெளியிட்டுள்ள பாட வகைப் பட்டியலில் நரம்பியல், உடற்கூறியல், உடலியங்கியல், மரபியல், நோய்த்தடுப்பியல், சூழலியல் ஆகியவை உயிரியலின் கீழ் வருகின்றன. புள்ளியியலும் உயிர்ப்புள்ளியியலும் கணிதத்தின் கீழ் வருகின்றன. வானியலுக்கு இடம் இயற்பியலில். ஆனால் கணினியியல், பொறியியல், உளவியல், மானிடவியல், நிலவியல், பொதுச் சுகாதாரம், ஊட்டச்சத்து ஆகிய எவற்றுக்கும் பி.சி.பி.எம்.மில் இடமில்லை.

ஆகவே நரம்பியலும் புள்ளியியலும் உங்கள் எண்ணப்படியே உள்ளே வரலாம். பைத்தான் வராது. கணக்கு நிறைய இருந்தது என்று நீங்கள் சொன்னாலும், கற்றுக்கொண்டது நிரல் எழுத. ஆகவே அது கணினியியல்தான். ஊட்டச்சத்து அறிமுகமும் வராது.

கடைசிப் பாடத்தைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேசுவதற்கு மன்னியுங்கள். ஏ, ஏ மைனஸ் வாங்கிய ஐந்து பாடங்களுக்கும் உள்ளடக்கத்தைப் பார்த்த நீங்கள், பி மைனஸ் வாங்கிய ஒன்றுக்கு மட்டும் துறையைப் பார்த்திருக்கிறீர்கள். எலும்பு, தசை, இதயம், சிறுநீரகம் என்று ஒரு பருவம் முழுவதும் படித்த பாடம் உயிரியல் இல்லை என்றால், வேறு எதுதான் உயிரியல்?

கணக்கன்

கூட்டிக் கழித்துப் பார்த்தேன், விவாதத்துக்கு உதவலாம். ஆம்காஸ் அளவில் ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7.

சிக்கலில்லாத ஒன்பது பாடங்கள் சேர்ந்து 36 கிரெடிட், 116 புள்ளிகள், சராசரி 3.22. நீலமலர் விரும்பும் ஐந்தையும் சேர்த்தால் 53 கிரெடிட், 183.1 புள்ளிகள், சராசரி 3.45. ஆய்வகக் குருவி சொல்வதைப் போல நரம்பியல், புள்ளியியல், உடற்கூறியல் ஆகிய மூன்றை மட்டும் சேர்த்தால் 47 கிரெடிட், 154.8 புள்ளிகள், சராசரி 3.29. உயிரியல் மானிடவியலையும் ஏற்றுக்கொண்டால் 3.32.

ஆக, இந்த விவாதம் முழுவதும் 3.45-க்கும் 3.29-க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எந்தப் பாடத்தை எந்தப் பெட்டியில் போட்டாலும் மொத்தச் சராசரி அணுவளவும் மாறாது. ஏ வாங்கிய பாடங்களை அறிவியலுக்கு அள்ளிக்கொண்டு போனால், ‘பிற’ என்ற பெட்டியின் சராசரி இறங்கும். மொத்தம், அறிவியல், பிற ஆகிய மூன்று சராசரிகளும் ஒரே பக்கத்தில்தான் தேர்வுக் குழுவின் கண்ணில் படும்.

இரண்டாம் முறை

தங்கை நீலமலருக்கு, நான் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டாம் முறை இடம் பெற்றவன். முதல் முறை இதே தவற்றைச் செய்தேன் என்பதால் சொல்கிறேன்.

என் கல்லூரியின் ஆலோசகர் (கல்லூரியின் பெயர் வேண்டாம்) துறைச் சுருக்கம் உளவியல் என்றால் அது உளவியல்தான், மறுபேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். நரம்பியலில் நான் வாங்கிய இரண்டு ஏக்களை அவர் பேச்சைக் கேட்டு ‘பிற’ என்று போட்டேன். அந்தக் கோபத்தில், யாரையும் கேட்காமல் ஊட்டச்சத்துப் பாடத்தை உயிரியல் என்று போட்டேன். சரிபார்ப்பு முடிந்து வந்தபோது ஊட்டச்சத்தை உடல்நல அறிவியலுக்கு மாற்றியிருந்தார்கள். நரம்பியலை அப்படியே விட்டிருந்தார்கள். அதாவது, நான் எனக்குச் சாதகமாகச் செய்த பிழையைத் திருத்தினார்கள், எனக்குப் பாதகமாகச் செய்த பிழை கண்டுகொள்ளப்படவில்லை. அதில் அவர்கள் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சரிபார்ப்பவரின் முன்னால் இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டும்தான்; பாடத்திட்டம் அவர் கையில் இல்லை. உளவியல் என்று அச்சிட்ட பாடத்தை உளவியல் என்று நான் பதிந்திருந்தால் அவர் ஏன் கேள்வி கேட்கப் போகிறார்?

சரிபார்ப்புக்குப் பின் மாற்றக் கோரிக்கை அனுப்ப வழி உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கும் காலம் குறுகியது. நான் மின்னஞ்சலைப் படித்து, புரிந்துகொண்டு, பழைய பாடத்திட்டத்தைத் தேடி எடுப்பதற்குள் அது கடந்துவிட்டது.

இரண்டாம் முறை எப்படிச் செய்தேன் என்றால், ஐயமுள்ள ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, வாரம் வாரமாக ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். நரம்பணுவின் கட்டமைப்பு, சவ்வின் மின்னழுத்தம், சோடியம், பொட்டாசியம் வாயில்கள், சினாப்ஸில் வேதிப்பொருள் கடத்தல், பார்வைப் புறணி, செவியின் மயிரணுக்கள், ஹைப்போதலாமஸும் பசியும், உறக்கத்தின் மின்னலைகள் என்று போன வாரங்களுக்கு ‘உ’ என்று எழுதினேன். மனச்சோர்வின் வகைகள், சிகிச்சைமுறைகள், பழக்க அடிமைத்தனமும் குடும்பமும் என்று போன வாரங்களுக்குக் கோடு போட்டேன். 14 வாரங்களில் 10 வாரம் ‘உ’. உயிரியல் என்று பதிந்தேன்; அப்படியே ஏற்கப்பட்டது. ‘மூளையும் நடத்தையும்’ என்ற இன்னொரு பாடத்தில் 5 வாரம்தான் தேறியது. தலைப்பில் மூளை இருந்தாலும் அதை உளவியலிலேயே விட்டுவிட்டேன்.

உங்கள் மானிடவியல் பாடத்தையும் இப்படிக் குறித்துப் பாருங்கள். மரபியல், பரிணாமம், குரங்கினங்களின் உடலமைப்பு, புதைபடிமங்கள் என்று போயிருந்தால் நியாயம் உண்டு. பண்பாட்டுப் பரிணாமம், களப்பணி முறைகள் என்று பாதியைக் கழித்திருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன் அம்மா

என் மகன் இப்போது விண்ணப்ப வேலையில் இருக்கிறான், அதனால் இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2015-ல் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை மாற்றியபோது நான்கு பகுதிகளில் ஒன்றைப் பெரும்பாலும் உளவியலுக்கும் சமூகவியலுக்கும் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உச்ச மதிப்பெண் 132. நான்கும் சேர்ந்து 528. அதாவது, மருத்துவராக விரும்புகிறவர் உயிரியலுக்குச் சமமாக உளவியலைப் படிக்க வேண்டும் என்று ஒரு கையால் கேட்கிறார்கள். மறு கையால் அதே உளவியலை அறிவியல் சராசரியிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள். இரண்டையும் செய்வது ஒரே சங்கம். அப்படியிருக்க, நீலமலர் தன் உளவியல் பாடங்களுக்கு மரியாதை தேடுவதில் தவறென்ன?

மேலும், நாங்கள் இருக்கும் டெக்சாஸில் அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனிச் சேவை வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே பிளஸ், மைனஸ் இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை. ஏ மைனஸ் 4, பி மைனஸ் 3. ஒரே மதிப்பெண் பட்டியல் மாநில எல்லையைத் தாண்டினால் வேறு எண் ஆகிறது. இதில் புனிதமான அறிவியல் எது, சொல்லுங்கள்?

கணக்கன்

அம்மா, உங்கள் ஐயத்தைப் பார்த்ததும் நீலமலரின் பாடங்களை டெக்சாஸ் முறையிலும் போட்டுப் பார்த்தேன். சிக்கலில்லாத ஒன்பது பாடங்களுக்கு அங்கும் 116 புள்ளிகளே வருகின்றன. ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரி நேர்ந்துவிட்டன. மைனஸ் போவதால் உடற்கூறியல் பாடம் மட்டும் அங்கே 12 புள்ளி ஆகிறது.

ஆஸ்டியோபதி மருத்துவ மரபில் வந்த, டி.ஓ. பட்டம் தரும் கல்லூரிகளுக்கான ஆகோமாஸ் சேவையில் நிலைமை மேலும் வேறு. அங்கே அறிவியல் சராசரியில் கணிதம் சேராது. நீலமலர் அங்கேயும் விண்ணப்பித்தால் கால்குலஸில் வாங்கிய பி-யும் புள்ளியியலில் வாங்கிய ஏ-யும் சேர்ந்தே வெளியேறிவிடும். ஆகவே ஒரு சேவைக்குப் போட்ட பட்டியலை மற்றொன்றுக்கு அப்படியே நகலெடுக்கக் கூடாது.

ஆய்வகக் குருவி

ஹூஸ்டன் அம்மாவின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. எம்கேட்டில் உளவியலுக்கு நாற்காலி போட்டுவிட்டுச் சராசரியில் நிற்க வைத்திருப்பது முரண்தான். ஆனால் பி.சி.பி.எம். என்பது ‘எது அறிவியல்’ என்ற பெரிய கேள்விக்கு விடை சொல்ல வந்த அளவுகோல் அன்று என்பது என் கருத்து. 1910-ல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர், அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்வியைப் பற்றிய தம் அறிக்கையில், மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவருக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றிலும் அடிப்படை இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் மலிந்திருந்த காலம் அது. இன்றைய முன்தேவைப் பாடங்களில் அந்த மூன்றின் தடம் அப்படியே இருக்கிறது. நிலவியலும் வானிலையியலும் அறிவியல் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள், அவையும் பி.சி.பி.எம்.மில் இல்லை. வெளியே இருப்பது அவமதிப்பு என்றால், பாறைகளைப் படித்தவர்தான் முதலில் கோபப்பட வேண்டும்.

அதனால் உளவியலுக்கு மரியாதை தேடுவதற்கு இந்தக் கட்டத்தைப் பயன்படுத்த வேண்டாம். நரம்பியல் பாடம் உள்ளே வருவது அதில் உயிரியல் இருப்பதால்தான். சமூக உளவியல் வெளியே நிற்பது அதில் உயிரியல் இல்லாததால்தான். இரண்டையும் ஒரே பேராசிரியர் நடத்தியிருக்கலாம்.

பொள்ளாச்சிக்காரன்

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோவையில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு இங்கே வந்தவன். அந்த மூன்று ஆண்டுப் பாடங்களை உயிரியல் என்று பதிந்தால் என் பி.சி.பி.எம். உயருமா?

இரண்டாம் முறை

உயராது, நண்பரே. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே படித்த பாடங்களை ஆம்காஸ் சரிபார்ப்பதுமில்லை, சராசரியில் சேர்ப்பதுமில்லை. படித்த நிறுவனத்தின் பெயரை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பி.சி.பி.எம். நீங்கள் இங்கே எடுக்கும் முதல் அறிவியல் பாடத்திலிருந்துதான் தொடங்கும். பெரும்பாலான கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களையும் இங்கேயே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தாளில் தொடங்குவது சிலருக்கு வரம்கூட.

நீலமலர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆய்வகக் குருவி சொன்னதைப் படித்தபோது முகம் சிவந்தது. இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. பி மைனஸை ஒளித்து வைக்கத்தான் உடல்நல அறிவியல் என்று போட்டேன், துறையைக் காரணம் காட்டியது பிறகு. எனக்கே அது தெரிந்துதான் இருந்தது.

இரண்டாம் முறை அண்ணா சொன்னபடி பென்சிலோடு உட்கார்ந்தேன். நடத்தை நரம்பியலில் 15 வாரத்தில் 11 வாரம் ‘உ’. மானிடவியலில் 15-க்கு 8. அந்த எட்டாவது வாரம் ‘மனித இனவகைப்பாட்டின் வரலாறு’ என்ற தலைப்பு. அதற்கு ‘உ’ போடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். அந்த வாரத்துக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், மண்டையோட்டை அளந்தவர்களின் கதையும், அவர்களுடைய முன்முடிவுகளைப் பற்றிய விவாதமும்தான் இருந்தன. அது வரலாறு. அழித்துவிட்டேன். 7 ஆகிவிட்டது.

மானிடவியல் சமூக அறிவியலிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். கணக்கன் ஐயாவின் கணக்குப்படி 3.29. அப்பாவிடம் காட்டினேன். “இந்த எண்ணை வைத்து நேர்காணலில் யாராவது கேட்டால் பதில் சொல்வாயா?” என்றார். சொல்வேன் என்றேன். “அப்புறம் என்ன?” என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

இன்னொரு கேள்வி மட்டும். கரிம வேதியியலின் ஆய்வக வகுப்புக்கு என் மதிப்பெண் பட்டியலில் தனி எண்ணும் தனி மதிப்பெண்ணும் உண்டு. மேலே எழுதும்போது இரண்டையும் சேர்த்து 4 கிரெடிட் என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பத்திலும் சேர்த்தே பதியலாமா?

கணக்கன்

கூடாது. மதிப்பெண் பட்டியலில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, வரிக்கு வரி பதிய வேண்டும். வகுப்புக்கு 3, ஆய்வகத்துக்கு 1 என்றிருந்தால் இரண்டு வரி. இரண்டுக்கும் வேதியியல் என்றே வகை போடுங்கள். கிரெடிட்டோ மதிப்பெண்ணோ பட்டியலோடு பொருந்தாமல் பல இடங்களில் பிழை இருந்தால் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெரிசல் மிகுந்த ஜூன் மாதத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

ஆய்வகத்தில் நீங்கள் வாங்கிய மதிப்பெண் வேறாக இருந்தால் நான் போட்ட 3.29-ம் சற்று நகரும். அதை எழுதுங்கள், மறுபடி கூட்டித் தருகிறேன்.

நீலமலர்

ஆய்வகத்தில் முதல் பருவம் ஏ, ஐயா. இரண்டாம் பருவமும் ஏ. வகுப்பு மதிப்பெண்கள் முன்பு சொன்னவைதாம்.

கணக்கன்

அப்படியானால் கரிம வேதியியலுக்கு நான் போட்ட 22.8 புள்ளி 25.1 ஆகிறது. மொத்தம் 47 கிரெடிட்டுக்கு 157.1. சராசரி 3.34.